ஒரே ஒரு தரம் உருண்ட தாயம்

ஔலு நகராட்சிக் கட்டடம், மூன்றாம் மாடி.
பிற்பகல் இரண்டரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
திரையில் இரண்டு அட்டவணைகள்:
ஒன்றில் தனியாக வசிக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
மற்றதில் வாரம் ஒரு முறை அவர்களோடு
காப்பி குடிக்க முன்வந்த முந்நூற்றுத் தொண்ணூறு பேர்.

யாருக்கு யார் என்று நாங்கள் தீர்மானிக்கக் கூடாது.
விதியாகவே எழுதியிருக்கிறார்கள்:
வயது பார்க்காதே, தெரு பார்க்காதே,
திருவுளச்சீட்டு மாதிரி விழட்டும்.

வினவலுக்குள் ஒரு குட்டி வினவல் எழுதினேன்.
வந்தவர்களைக் கலைத்துப் போடு,
மேலே நிற்பவரை எடு,
இந்தப் பெயருக்குப் பக்கத்தில் வை.
அரை நொடி ஆயிற்று.
எண்ணிக்கையைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு, சரி.
பெயர்களைப் பார்க்கவில்லை.
கடிதங்கள் அச்சுக்குப் போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை உர்ஹோ பெல்டோலா கூப்பிட்டார்.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறார்:
"காலையிலிருந்து பத்தொன்பது பேர்!
எல்லோருக்கும் நான்தானாம்.
ஒருவர் சதுரங்கப் பலகையை விரித்தே வைத்துவிட்டாராம்.
ஹில்க்கா என்று ஓர் அம்மாள்
ஏலக்காய் ரொட்டி சூடாக இருக்கிறது,
எத்தனை மணிக்கு வருவீர்கள் என்கிறார்.
நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"

பட்டியலைத் திறந்தேன்.
பெல்டோலா.
பெல்டோலா.
உருட்ட உருட்ட அடிவரைக்கும் பெல்டோலா.

இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.
உள்ளே இருந்த கேள்வி
வெளியே நிற்கும் ஒருவர் பெயரையும் உச்சரிக்கவில்லை.
கேள்வி மாறவில்லை, பதில் மட்டும் எதற்கு மாற வேண்டும்
என்று எண்ணியிருக்கும்.
தாயக்கட்டையை ஒரே ஒரு தரம் உருட்டி
விழுந்த எண்ணையே வைத்து
நானூற்றுப் பன்னிரண்டு காய்களையும் நகர்த்தியிருக்கிறது.
சோம்பல் என்று திட்ட வாயெடுத்தேன்.
அது சிக்கனம்.

ஸன்த்தேரி நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தான்.
"வெளி வரிசையை எங்காவது தொடு" என்றான்,
"சும்மா தொட்டாலே போதும்."
அதனால் இப்படி ஒரு நிபந்தனை:
இவருடைய எண் இவருடைய எண்ணுக்குச் சமம்.
யாரையும் விலக்காது. யாரையும் சேர்க்காது.
தன் பெயர் தனக்கே பொருந்துகிறதா என்று
உலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.
ஆனால் அதைச் சரிபார்க்க
ஒவ்வொரு வாசலிலும் ஒரு தரம் போய் நின்றாக வேண்டும்.
நின்ற இடத்திலெல்லாம் தாயம் புதிதாக உருண்டது.

அதுவும் சரிவரவில்லை.
ஒரே பெண்ணுக்கு ஐந்து பேர் விழுந்தார்கள்.
நூற்று முப்பத்தாறு தன்னார்வலர்களுக்கு யாருமே இல்லை.
குருட்டுக் கைக்குப் பங்கு போடத் தெரியாது,
அதைக் கேட்டதும் இல்லை நான்.
கடைசியில் இரண்டு பக்கத்தையும் கலைத்து,
ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு,
எண்ணோடு எண்ணைக் கோத்தேன்.
மிஞ்சிய இருபத்திரண்டு பேர் மறுபடி
வரிசையின் தலையிலிருந்து.

பெல்டோலாவுக்கு இருநூற்றுப் பதினேழாம் எண்,
கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்.
கூப்பிட்டுச் சொன்னேன்:
தவறு எங்களுடையது, மற்றவர்களுக்கு வேறு கடிதம் போகிறது,
நீங்கள் ஒருவரைப் பார்த்தால் போதும்.

எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"இப்போது இருபத்தாறு ஆகிவிட்டது" என்றார்.
"பெயர்களைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
வண்டி எப்படியும் அந்தத் தெருக்கள் வழியாகத்தானே போகிறது."

இதற்கு எங்களிடம் ஒரு பத்தி இல்லை.
சேர்க்கலாமா என்று யோசித்தேன்,
என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கீழே மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று
ஒரு வண்டி குறுக்குத் தெருவுக்குள் திரும்பியது.
நடுவழியில் நின்றது.
எஞ்சினை அணைக்கவில்லை.
கதவு மட்டும் திறந்தது.